விடுமுறையின் கடைசி நாளை வீதிக்குக் கொடுப்போம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற ஒன்றுகூடலில், வைத்தியராகப் பணியாற்றும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவு, இரத்த அழுத்தம், மார்புப் புற்றுநோய் ஆகியவற்றில் ஒன்றைப் பற்றிப் பேசுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அவற்றைப் பற்றிப் பேச வேறு மேடைகள் உண்டு. இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பலர் இன்னும் இரண்டொரு நாளில் விடுமுறை முடிந்து வீடு திரும்பப் போகிறோம். சிலர் கொழும்புக்கு, சிலர் கண்டிக்கு, இன்னும் சிலர் கட்டுநாயக்க சென்று அங்கிருந்து விமானமேறி ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் மெல்பேர்ணுக்கும். அநேகமாக எல்லோரும் ஒரே வீதியால், அநேகமாக இரவிலேதான் போகப் போகிறோம். ஆகவே அந்த இரவுப் பயணத்தைப் பற்றியே பேசலாம் என்று எண்ணினோம்.

யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். இடையில் நின்று போனால் எட்டு, ஒன்பது மணித்தியாலப் பயணம். உலகக் கணக்கில் இது பெரிய தூரம் அல்ல. ஆனால் எமக்கு அது வெறும் தூரமாக இருந்ததில்லை. எமது வயதையொத்தவர்கள் சிறுமிகளாக இருந்தபோது, 1990 ஜூனுடன் யாழ்தேவி நின்றது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. வன்னியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகள் தவணை விடுமுறைக்குப் போய்வர கிளாலிக் கடல்நீரேரியை இரவிலே படகில் கடந்தார்கள். விளக்கில்லாத படகில் புத்தகப்பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள். பின்னர் திருகோணமலைக்குக் கப்பல், இரத்மலானைக்கு விமானம், பாஸ், பதிவு, காத்திருப்பு. 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் மறுபடியும் மூடப்பட்டது. 2009இல் யுத்தம் முடிந்த பின்னர்தான் படிப்படியாக மீண்டும் திறந்தது. யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பி வந்தது 2014 ஒக்ரோபரில்.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், ஊரில் கிடைக்கும் ஒரு மணித்தியாலத்தைக்கூட விட்டுக்கொடுக்க மனம் வராதது எமது தலைமுறைக்கு இயல்பு. அம்மாவைப் பார்க்க முடியாமல் வருடக்கணக்காக இருந்தவர்கள், அம்மாவின் வீட்டிலிருந்து மத்தியானமே புறப்பட்டுவிடுவார்களா? திங்கட்கிழமை காலை வேலை என்றால் ஞாயிறு இரவுச் சாப்பாடு முடிந்த பின்தான் வெளிக்கிடுவோம். நல்லூர்த் தேர் பார்த்து, தீர்த்தமும் பார்த்து, அன்றிரவே வாகனம் ஏறுவோம். "பிள்ளை, இடியப்பம் அவிச்சிட்டன், சாப்பிட்டிட்டு வெளிக்கிடுங்கோ" என்று அம்மா சொன்னால், அதை மீறிப் புறப்பட யாருக்குக் கால் வரும்?

அந்தக் கடைசி நாள் எப்படிப் போகிறது என்று சற்று எண்ணிப் பாருங்கள். அதிகாலை ஐந்து மணிக்கு எழும்பியிருப்போம். கோயில் அல்லது ஆலயம், இரண்டு உறவினர் வீடு, நோயாக இருக்கும் பெரியம்மாவைப் பார்த்தல், சந்தை, மத்தியானம் விருந்து. பின்னேரம் சாமான் கட்டுதல்: மிளகாய்த்தூள், நல்லெண்ணெய்ப் போத்தல், புழுக்கொடியல், முருங்கைக்காய்க் கட்டு, மாம்பழப் பெட்டி. இவ்வளவையும் வாகனத்தில் அடுக்குபவரும், பிறகு இரவு முழுவதும் அந்த வாகனத்தை ஓட்டப் போகிறவரும் பெரும்பாலும் ஒருவரேதான். புறப்படும்போது இரவு பத்து மணி. அவர் விழித்து அப்போதே பதினேழு மணித்தியாலம் ஆகிவிட்டது.

இந்தப் பதினேழு என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1997இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நித்திரையின்றி 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் கண்ணும் கையும் இயங்கும் திறன், 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மதுசாரம் உள்ளவரின் திறனளவுக்குக் குறைந்துவிடுகிறது. 24 மணித்தியாலம் விழித்திருந்தால் அது ஏறக்குறைய 100 மில்லிகிராமுக்குச் சமம். எமது நாட்டுச் சட்டம் சாரதிக்கு வைத்திருக்கும் எல்லை இதைவிடக் குறைவு. இரவு பத்து மணிக்குப் புறப்பட்டவர் அதிகாலை ஐந்து மணிக்குக் கொழும்பை நெருங்கும்போது 24 மணித்தியாலம் நிறைகிறது. மதுவை வாழ்நாளில் தொடாத ஒருவர், பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, சட்டம் அனுமதிக்காத அளவு குடித்தவரைப் போல அந்த நேரத்தில் வாகனம் ஓட்டுகிறார். குடித்தவரின் வாகனத்தில் நாம் ஏறமாட்டோம். இவருடைய வாகனத்தில் ஏறி நித்திரையும் கொள்கிறோம்.

நித்திரை மனவுறுதியால் வெல்லக்கூடியது என்று பலர் நம்புகிறார்கள். பசியை அடக்கலாம், தாகத்தை அடக்கலாம், நித்திரையை ஓரளவுக்கு மேல் அடக்க முடியாது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் மூளையில் நித்திரைக்கான அழுத்தம் கூடிக்கொண்டே போகும். அதோடு உடலுக்குள் ஒரு கடிகாரமும் உண்டு. அதிகாலை இரண்டு மணி முதல் ஆறு மணி வரை அந்தக் கடிகாரம் எம்மை நித்திரைக்கு இழுக்கும். பின்னேரம் இரண்டு மணி முதல் நான்கு மணி வரையும் சிறிதளவு இழுக்கும். இரவு பத்து மணிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டால் மதவாச்சியைத் தாண்டும்போது ஒரு மணியாகிவிடும். அனுராதபுரத்திலிருந்து புத்தளம், சிலாபம் வழியாகப் போனாலும், தம்புள்ளை, குருநாகல் வழியாகப் போனாலும், பயணத்தின் பிற்பாதி முழுவதும் அந்த ஆபத்தான நேரத்துக்குள்தான் விழுகிறது.

இழுத்துப் பிடித்த நித்திரை திடீரென வரும். சில வினாடிகள் மூளை உறங்கிவிடும். கண் திறந்தபடியேகூட இருக்கலாம். அப்படி உறங்கியது ஓட்டுபவருக்கே தெரியாது. மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வாகனம் நான்கு வினாடியில் ஏறக்குறைய 78 மீற்றர் ஓடிவிடும். எமது வலைப்பந்தாட்டத் திடல் 30.5 மீற்றர் நீளம். அப்படி இரண்டரைத் திடல் தூரம் அந்த வாகனம் ஆளில்லாமல் ஓடுகிறது.

எமது வீதியும் இதற்கு ஒத்தாசை செய்கிறது. பரந்தனைக் கடந்தால் நீட்டுக்கு நேரான பாதை. மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம், ஓமந்தை என்று இருபுறமும் காடும் இருளும். பார்ப்பதற்குப் புதிதாக ஒன்றும் இல்லாதபோது மூளை தானாகவே அயரும். அந்த இருளில்தான் பின்விளக்கில்லாத உழவு இயந்திரம் போகும், பழுதான லொறி வீதியோரம் நிற்கும், மாடுகள் வீதியில் படுத்திருக்கும், சில இடங்களில் யானை கடக்கும். விழித்திருப்பவர்கூடச் சிரமப்படும் பாதையில் அரைக்கண்ணோடு போக முடியாது.

விபத்துப் பிரிவில் வேலை செய்த எங்களுக்கு நித்திரை விபத்தின் சாயல் தெரியும். விடியப்புறம் கொண்டுவருவார்கள். வாகனம் வீதியை விட்டு விலகி மரத்திலோ மதகிலோ மோதியிருக்கும், அல்லது நின்ற லொறியின் பின்பக்கத்தில் ஏறியிருக்கும். நித்திரையில் இருப்பவர் பிரேக் பிடிப்பதில்லை. ஆகவே முழு வேகத்தோடு மோதுகிறது. பின்னால் இருந்த எல்லோரும் நித்திரையில் இருந்திருப்பார்கள், ஆசனப்பட்டி போட்டிருக்கமாட்டார்கள். கட்டிலருகே போனால், சாமான்களோடு சாமானாக நல்லெண்ணெய் வாசம் வரும். உடுப்பெல்லாம் எண்ணெய். அந்த வாசத்தை முகர்ந்தவுடனேயே, இவர்கள் ஊருக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள் என்று தாதியர்களும் அறிந்துகொள்வார்கள்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியை நாங்கள் இப்படித்தான் இழந்தோம். அவளை அறிந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள், பெயர் சொல்லத் தேவையில்லை. விடுமுறை முடிந்து இரவில் திரும்பினார்கள். அவளுடைய கணவர் குடிப்பவர் அல்லர், வேகமாக ஓட்டுபவரும் அல்லர். அன்று பகல் முழுவதும் மாமியார் வீட்டுக் கிணற்றடியைத் திருத்திக் கொடுத்துவிட்டு வந்த நல்ல மனிதர். விபத்து நடந்த இடத்தில் பிரேக் பிடித்த அடையாளமே இருக்கவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பிள்ளைகள் இருவரும் தப்பினார்கள். அவள் இல்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் அலுவலகத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவசரம். ஒரு நாள் லீவு கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி வீதி விபத்துகளால் வருடத்துக்கு ஏறக்குறைய 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் இறக்கிறார்கள். 5 முதல் 29 வயது வரையானோரின் மரணத்துக்கு முதற்காரணமே இதுதான். அது எமது பிள்ளைகளின் வயது, இந்தக் கல்லூரியில் இன்று படிக்கும் பிள்ளைகளின் வயது.

சரி, என்ன செய்யலாம்?

முதலில், பயன் தராதவற்றைச் சொல்லிவிடுகிறோம். யன்னலைத் திறந்து காற்று வாங்குவது, பாட்டைச் சத்தமாகப் போடுவது, முகம் கழுவுவது, புளிப்பு மிட்டாய் சூப்புவது எல்லாம் சில நிமிடங்களுக்குத்தான். கண்ணை விழிக்கப் பண்ணுவதுபோல் தோன்றும், நித்திரையின் கடன் அப்படியே இருக்கும். நித்திரைக்கு மருந்து நித்திரை ஒன்றுதான். கொட்டாவி தொடர்ந்து வந்தாலோ, கண் கரித்தாலோ, கடைசியாகக் கடந்த ஊர் எது என்று நினைவில்லாமல் போனாலோ, வாகனம் வெள்ளைக் கோட்டைத் தொட்டாலோ, உடனே வெளிச்சமான, பாதுகாப்பான இடத்தில் நிற்பாட்டுங்கள். ஒரு கோப்பை கோப்பியோ சாயம் கூடிய பிளேன்ரீயோ குடித்துவிட்டு, ஆசனத்தைச் சாய்த்து 15 முதல் 20 நிமிடம் கண்ணை மூடட்டும். கோப்பி வேலை செய்ய ஏறக்குறைய அரை மணித்தியாலம் எடுக்கும். நித்திரையும் கோப்பியும் சேர்ந்து கைகொடுக்கும். ஆனால் அதுவும் அடுத்த பாதுகாப்பான தங்குமிடம் வரைக்குத்தான், விடியும் வரைக்கும் அல்ல.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கட்டாயம் நிற்க வேண்டும். இது வெளிநாட்டார் கண்டுபிடித்த புதுமை அல்ல. முறிகண்டியில் நிற்காமல் போன வாகனம் உண்டா? எந்தச் சமயத்தவரானாலும் அங்கே இறங்கி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, அல்லது உடைப்பவரைப் பார்த்துக்கொண்டு நின்று, கச்சான் வாங்கிக் கொறித்து, கைகாலை உதறிவிட்டுத்தானே ஏறுவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஒன்றரை மணித்தியாலத்தில் வரும் இடம் அது. சாரதி ஓய்வெடுக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. முறிகண்டிக்குப் பிறகும் அப்படி இரண்டு மூன்று தரிப்பிடங்களை நாமே நியமித்துக்கொள்ள வேண்டும்.

இனிப் பெண்களுக்கென்று சில செய்தி. நீண்ட பயணம் என்றால் முதல்நாள் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும் பழக்கம் எம்மில் பலரிடம் இருக்கிறது. வழியில் நல்ல கழிப்பறை இல்லை என்ற பயம்தான் காரணம். அதன் விளைவைப் பயணம் முடிந்து இரண்டு நாளில் சிகிச்சை நிலையத்தில் பார்க்கிறோம்: சிறுநீர்த் தொற்று, தலையிடி, மயக்கம். வயதான அம்மாமாருக்கும் கர்ப்பிணிகளுக்கும் தண்ணீர் குறைவதும் காலைத் தொங்கவிட்டு மணிக்கணக்கில் இருப்பதும் சேர்ந்தால் காலின் ஆழ்நாளத்தில் இரத்தம் உறையும் ஆபத்துக் கூடும். ஆகவே தண்ணீர் குடியுங்கள், நிற்கும் இடமெல்லாம் இறங்கி நடவுங்கள், இருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் அசையுங்கள். பகலில் பயணம் செய்தால் துப்புரவான இடம் தேடிப் பிடிப்பதும் எளிது.

மருந்துகளையும் பாருங்கள். தடிமனுக்கும் அரிப்புக்கும் போடும் பிரிற்றன், வாந்திக்குப் போடும் சில குளிசைகள், நித்திரையை வரவழைப்பவை. ஓட்டுபவர் அவற்றைப் போட்டுவிட்டு ஓட்டக்கூடாது. நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது சீனியைக் குறைக்கும் சிலவகைக் குளிசை எடுப்பவர் சாப்பாட்டைத் தவறவிட்டு ஓட்டினால், சீனி இறங்கி, பார்ப்பவருக்கு நித்திரை வருவதுபோலவே இருக்கும். இரவில் உரத்துக் குறட்டை விட்டு, பகலில் கதிரையில் இருந்தபடியே தூங்கும் கணவர்மார் இருந்தால், அதைப் பகிடியாக எடுக்காமல் ஒருமுறை வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயாக இருக்கலாம். அப்படிப்பட்டவர் எத்தனை மணித்தியாலம் படுத்தாலும் நித்திரை நிறையாது.

கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்னாசனத்தில் இருக்க வேண்டாம். மோதும் வேளையில் எந்தத் தாயின் கையும் குழந்தையைப் பிடித்து வைத்திருக்கும் வலிமை உடையதல்ல. குழந்தைக்குப் பின்னாசனத்தில் அதற்குரிய இருக்கை, மற்ற எல்லோருக்கும், பின்னால் இருப்பவருக்கும், ஆசனப்பட்டி.

முன்னாசனத்தில் சாரதிக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு கடமை உண்டு. அவர் நித்திரை கொள்ளக்கூடாது. பெரும்பாலும் அந்த ஆசனத்தில் இருப்பது நாம்தான். "இஞ்சருங்கோ, ஒருக்கா நிப்பாட்டுங்கோ" என்று சொல்லும் உரிமையும் எமக்குத்தான். "எனக்கு ஒன்றுமில்லை, இன்னும் ஒரு மணித்தியாலம்தானே" என்ற பதில் வரும். நித்திரை வந்தவருக்குத் தான் எவ்வளவு அயர்ந்திருக்கிறேன் என்பதை மட்டிட முடியாது. ஆகவே அந்தத் தீர்மானத்தை அவரிடம் விடாதீர்கள். சாரதி அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் தங்கைமார் பலர் ஊரில் மட்டும் ஓட்டிவிட்டு, நீண்ட பயணத்தில் கணவரிடமே விட்டுவிடுகிறீர்கள். மாறி மாறி ஓட்டுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் சகோதரிகளே, உங்களுக்கும் ஒன்று. பத்துப் பதினைந்து மணித்தியாலம் பறந்து வந்து கட்டுநாயக்கவில் இறங்கியதும், அன்றிரவே வாடகை வானில் ஊருக்குப் புறப்படுகிறீர்கள். திரும்பும்போதும் அப்படியே. அந்தச் சாரதித் தம்பி காலையில்தான் கொழும்பிலிருந்து வந்து இறங்கினாரா, பகலில் படுத்தாரா என்று நாம் கேட்பதில்லை. கேளுங்கள். அவர் படுப்பதற்கு ஓர் அறையும் பாயும் சாப்பாடும் கொடுங்கள். ஒரு நாள் தங்குவதற்கான பணத்தைச் சேர்த்துக் கொடுங்கள். கூலி குறைந்தால் அவர் இன்னொரு பயணத்தை ஏற்றுக்கொண்டுதான் வருவார். நீங்கள் வாழும் நாடுகளிலும் இதே கதைதான். நத்தார் விடுமுறை முடிந்து மொன்றியலிலிருந்து ரொறன்ரோவுக்கு 500 கிலோமீற்றருக்கு மேல், பனியில், விருந்துண்ட களைப்போடு இரவில் திரும்புகிறவர்கள் இல்லையா?

விடுதியில் இருந்தவர்களுக்கு ஒரு விதி நினைவிருக்கும். தவணை தொடங்குவதற்கு முதல்நாள் பின்னேரம் விளக்கு வைக்கும் முன் விடுதிக்குள் நிற்க வேண்டும். அன்று அதைக் கொடுமை என்று எண்ணினோம். வீட்டில் ஒரு இரவு குறைந்துவிட்டதே என்று அழுதோம். இன்று வைத்தியர்களாக நின்று பார்க்கையில், அந்த விதியின் அருமை விளங்குகிறது. பிள்ளை பகலில் பயணம் செய்ய வேண்டும், வந்து களை தீரப் படுக்க வேண்டும், மறுநாள் தெளிந்த முகத்தோடு வகுப்புக்குப் போக வேண்டும். எமது ஆசிரியைமார் விடுமுறையைத் திட்டமிடும்போதே வீடு திரும்பும் நாளையும் அதற்குள் சேர்த்தே எண்ணினார்கள்.

ஆகவே இந்த நூற்றாண்டில் எமது சங்கத்தின் சார்பில் ஒரு வேண்டுகோள். விடுமுறை ஏழு நாள் என்றால் அதில் ஆறு நாள் ஊருக்கு, ஏழாம் நாள் வீதிக்கு. விடியப்புறம் வெளிச்சம் வரப் புறப்படுங்கள், பொழுதுபட முன் போய்ச் சேருங்கள். அது முடியாவிட்டால் ரயிலில் போங்கள். அதுவும் முடியாமல் இரவில்தான் போக வேண்டும் என்றால், ஓட்டுபவரைப் பகலில் நான்கைந்து மணித்தியாலம் கட்டாயம் படுக்க விடுங்கள், இரண்டு பேர் ஓட்டுங்கள். வீட்டில் இருக்கும் அம்மாமாரிடமும் இதையே கேட்கிறோம். "சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்பதோடு "படுத்திட்டு விடியப் போங்கோ" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் உங்கள் சொல்லைத்தான் கேட்பார்கள்.

இன்று யாருடைய அனுமதியும் இல்லாமல் அந்த வீதியால் போய்வர முடிகிறது. இரவு பகலாகத் திறந்திருக்கும் வீதி, நாளைக்கும் அங்கேதான் இருக்கும். ஓர் இரவு பொறுத்துப் போவதால் ஒன்றும் குறையாது. எல்லோரும் சுகமாகப் போய்ச் சேருங்கள். சேர்ந்ததும் ஒருவருக்கொருவர் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துச் சொல்லுங்கள்.